குட்டி போடும் பாத்திரம்

தெனாலிராமன் கதையை எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருப்போம். வட்டிக்கடைக்காரரிடம் பாத்திரம் இரவல் வாங்கினான். திருப்பிக் கொடுக்கும்போது கூடவே சில சின்னப் பாத்திரங்களையும் வைத்து, உங்கள் பாத்திரம் என் வீட்டில் குட்டி போட்டுவிட்டது, குட்டியும் உங்களுக்குத்தானே சொந்தம் என்றான். கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அடுத்த முறை பெரிய பெரிய வெள்ளிப் பாத்திரங்களாக எடுத்துக் கொடுத்தார். அவை திரும்பவே இல்லை. பிரசவத்தில் செத்துப்போய்விட்டன என்றான் ராமன். குட்டி போட்டதை நம்பினவர் செத்ததையும் நம்பித்தானே ஆகவேண்டும்.

சீன அரசாங்கத்தில் யாரோ இந்தக் கதையைக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். படித்து, ராமன் நுழைந்த ஓட்டையை அடைத்து, ஒப்பந்தமாகவே அச்சடித்துவிட்டார்கள். அவர்கள் இரவல் தரும் பாத்திரத்துக்குப் பெயர் பாண்டா. ஜோடிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை. தவணை பொதுவாகப் பத்து ஆண்டு. குட்டி போட்டால் குட்டி சீனாவுக்குச் சொந்தம். அமெரிக்க ஒப்பந்தங்களில் அந்தப் பிரசவத்துக்கு 4 லட்சம் டாலர் மொய் வேறு. பெற்றதும் வளர்த்ததும் உன் வீட்டில்; பால்குடி மறந்து ஓடியாடும் வயதில் பெட்டியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். செத்தால்? மனிதத் தவறால் செத்தால் 5 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று அதற்கும் ஷரத்து உண்டு. ராமன் இன்று வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

நம்மூரில் கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு விடுகிறவர் அடியில் தன் பெயரை வெட்டி வைத்திருப்பார். நசுங்கினால் காசு பிடிப்பார். ஆனால் அண்டாவில் பொங்கின சாம்பாரில் பங்கு கேட்டு அவர் பந்தியில் வந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதை வாடகை என்று சொன்னால் இரு தரப்புக்கும் கோபம் வரும். ‘பாதுகாப்பு நிதி’ என்று சொல்லவேண்டும். காட்டிலே வாழும் பாண்டாக்களைக் காப்பாற்றத்தான் இந்தப் பணம் என்பது ஏற்பாடு. 2024-ல் ஓர் அமெரிக்க நாளிதழ் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து எழுதியது: அந்தப் பணத்தில் ஒரு பங்கு அடுக்குமாடிக் கட்டடமாகவும் சாலையாகவும் கணினியாகவும் ஆகியிருக்கிறது. சாலை! பாண்டாவின் காட்டைத் துண்டு துண்டாக நறுக்குவதே சாலைதான். நோயாளி பெயரில் உண்டியல் குலுக்கி, அந்தக் காசில் நோயை வாங்கிக் கொடுத்த கதை.

1984 வரை இது வாடகை வியாபாரமாக இல்லை. தானமாகத்தான் இருந்தது. 1941-ல் அன்றைய சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் மனைவி நியூயார்க் பிராங்க்ஸ் ஜூவுக்கு இரண்டைக் கொடுத்தார். மாவோ ஆட்சியில் மாஸ்கோவுக்குப் போனது. வட கொரியாவுக்குப் போனது. 1972-ல் நிக்சன் பீஜிங் போனபோது, விருந்து மேசையில் இருந்த சிகரெட் டப்பாவில் பாண்டா படத்தைப் பார்த்து அவர் மனைவி அழகாக இருக்கிறதே என்றாராம். பக்கத்தில் இருந்த சீனப் பிரதமர் சூ என்லாய் உங்களுக்கும் தருகிறேன் என்றாராம். சிகரெட்டைச் சொன்னார் என்று நினைத்தார்களாம். ஏப்ரலில் லிங்லிங், சிங்சிங் என்று ஒரு ஜோடி வாஷிங்டனில் வந்து இறங்கியது. பதில் சீராக அமெரிக்கா அனுப்பியது மில்டன், மட்டில்டா என்ற இரண்டு கஸ்தூரி எருதுகளை. சடை சடையாய் மயிர் தொங்கும் ஆர்க்டிக் எருது. பாண்டாவைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடியது. மில்டனைப் பார்க்க யார் போனார்கள்? சம்பந்தி வீடுகளில் எந்தப் பக்கம் வைரம், எந்தப் பக்கம் எவர்சில்வர் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஜோடிக்கு வாஷிங்டனில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஐந்தும் சில நாட்களுக்கு மேல் தங்கவில்லை. ராஜதந்திர வரலாற்றில் நிக்சனின் பயணத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. இந்த ஐந்துக்கு ஒரு வரி.

1984-க்குப் பிறகு சீனாவுக்குக் கணக்கு புரிந்தது. கும்பிட்டு வாங்குகிறவனிடம் எதற்குச் சும்மா கொடுக்க வேண்டும்? சில மாதத்துக்கு ஒரு ஜூ என்று சர்க்கஸ் கூடாரம் போல ஊர் ஊராக அனுப்பினார்கள். பாண்டா முகத்தையே முத்திரையாக வைத்திருக்கும் உலக வனவிலங்கு நிதியம், 1988-ல் டொலிடோ ஜூவுக்குப் பாண்டா வந்ததை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போகிற அளவுக்கு அது முற்றியது. தன் லெட்டர்பேடில் இருக்கிற மிருகத்துக்காகக் கோர்ட் ஏறினது நியாயந்தான். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1961-ல் அந்த முத்திரைக்குப் பாண்டாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர்களே சொன்ன காரணங்களில் ஒன்று, கறுப்பு வெள்ளை என்பதால் அச்சுச் செலவு மிச்சம். பஞ்சவர்ணக்கிளியாய்ப் பிறந்து அழிந்துபோகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பிறந்திருக்கலாம்.

ஸ்காட்லாந்து கதையை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 2010-ல் சீன அதிருப்தியாளர் லியு சியாபோவுக்கு ஆஸ்லோவில் அமைதி நோபல் கொடுத்தார்கள். கோபம் வந்த சீனா நார்வே நாட்டு சால்மன் மீனுக்குக் கதவைச் சாத்தியது. சாத்தின கதவுக்கு வெளியே மீன் கூடையோடு தயாராக நின்றது ஸ்காட்லாந்து. 2011 ஜனவரியில் சால்மன், எரிசக்தித் தொழில்நுட்பம் எல்லாம் சேர்ந்து 260 கோடி பவுண்டு அளவுக்கு வர்த்தக ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அதே கையோடு இரண்டு பாண்டாக்களுக்கும். டிசம்பரில் டியன்டியனும் யாங்குவாங்கும் எடின்பரோவில் இறங்கின. அப்போது ஸ்காட்லாந்தில் கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரே ஒரு எம்.பி.; பாண்டா இரண்டு. இந்த ஜோக்கை வைத்தே அந்த ஊர்க்காரர்கள் பல வருஷம் ஓட்டினார்கள். சிரித்து முடித்தபின் யாராவது திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: ஒரு மனிதன் சீனச் சிறையில் இருந்தான், அவன் பெயரால் ஒரு மீன் தடைபட்டது, அந்த இடத்தில் இன்னொரு மீன் போனது, மீனோடு சேர்ந்த கொசுறு கூண்டுக்குள் மூங்கில் கடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷம். பல இலையுதிர் காலங்களில் டியன்டியன் மாசமாக இருக்கிறாளா இல்லையா என்று பத்திரிகைகள் வாசலில் காத்துக் கிடந்தன. மருமகளுக்கு விசேஷம் உண்டா என்று கேட்கும் நம்மூர் அத்தைமார்கள் தோற்றார்கள். சினை ஊசி போட்டார்கள், மறுபடி போட்டார்கள். 2018-ல் யாங்குவாங்குக்கு விரையில் புற்றுநோய் கண்டு அவற்றை வெட்டி எடுத்தார்கள். வம்சம் விருத்தியாகவில்லை. 2023 டிசம்பரில் இரண்டையும் பெட்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வாடகை ஆண்டுக்கு ஏழரை லட்சம் பவுண்டு. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பின்லாந்து இதைவிட ரோஷக்காரன். சுதந்திரத்தின் நூறாவது ஆண்டில் சீன அதிபர் ஷி ஜின்பிங் விஜயம் செய்த ஞாபகார்த்தமாக ஒரு ஜோடி; அஹ்டரி என்ற சின்ன ஊரின் தனியார் ஜூவுக்கு 2018 ஜனவரியில் வந்தது. லூமி, பிரி என்று பெயர் வைத்தார்கள். ஒன்று பனி, இன்னொன்று பனிப்பொழிவு. 80 லட்சம் யூரோவில் வீடு. வருஷத்துக்கு 15 லட்சம் யூரோ செலவு. கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, பிறகு கொரோனா வந்தது, பிறகு விலைவாசி. அரசாங்கம் கையை விரித்தது. பதினைந்து வருஷ ஒப்பந்தத்தை ஏழாவது வருஷத்திலேயே முறித்துக்கொண்டு 2024 நவம்பரில் பனியையும் பனிப்பொழிவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளை யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்று நாம் சொல்வோமே, அதை அவர்கள் கறுப்பு வெள்ளையில் செய்து பார்த்தார்கள்.

கத்தாரில் வேறு மாதிரிக் கிறுக்கு. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்னால், பாலைவனத்து அல் கோரில், பனிமலை மிருகத்துக்குக் குளிர்சாதன மாளிகை கட்டினார்கள். அங்கே மூங்கில் முளைக்காது. விமானத்தில் வருகிறது. சிங்கப்பூர் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அங்கே 18 முதல் 24 டிகிரிக்குள் அறையைக் குளிரவைத்துக் கைகை, ஜியாஜியாவை வைத்திருக்கிறார்கள். பிறந்த லேலே 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டான். மலேசியாவுக்கு வரவேண்டிய ஜோடி 2014-ல் தாமதமானது. பெரும்பாலும் சீனப் பயணிகளோடு போன எம்எச்370 விமானம் காணாமல் போயிருந்த நேரம். துக்கம் ஆறும்வரை பாண்டா வரவில்லை. வந்து பத்து வருஷத்தில் மூன்று குட்டிகள். மூன்றும் போயின, 2025-ல் தாயும் தகப்பனும் போனார்கள். தைவானுக்குக் கொடுத்த ஜோடியின் பெயர் துவான்துவான், யுவான்யுவான். சேர்த்துச் சொன்னால் ‘பிரிந்தவர் கூடுதல்’ என்று அர்த்தம். மூங்கில் மெல்லுகிற இரண்டு வாய்களை வைத்து ஒரு தேசத்துக்கு மிரட்டல் கடிதம் எழுத முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள்.

பெர்லினில் 2017-ல் மெர்க்கலும் ஷியும் சேர்ந்து திறந்துவைத்த மாளிகையில் மெங்மெங் என்ற பெண் பாண்டா கொஞ்ச நாளிலேயே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. பருவக் கோளாறு, அதிருப்தி என்று ஆளுக்கொரு விளக்கம். இந்த ஒட்டுமொத்த ஏற்பாட்டைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் சுருக்கமானது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சொல்லப்போவது சிரிப்புக்கான விஷயமில்லை.

பாண்டாவுக்குச் சேர்க்கையில் நாட்டமில்லை, அதனால்தான் அழிகிறது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. சோம்பேறி, மந்தம், சந்ததியைப் பெருக்கத் தெரியாத ஜென்மம். இந்தக் கதை எங்கே பிறந்தது? கூண்டில் பிறந்தது. பெண் பாண்டா வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு மூன்று நாள்தான் சினைக்கு வரும். காட்டில் அந்த நாட்களில் வாசனையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்கள் மலையேறி வந்து சண்டை போடும். கத்தலும் உறுமலுமாக இருக்கும். லட்சக்கணக்கான வருஷமாகக் குட்டி போட்டுத்தான் வந்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்? இரண்டு அறியாத பிராணிகளை ஒரு கான்கிரீட் அறையில் அடைத்து, நாலு பக்கமும் கேமரா வைத்து, ‘ம், நடக்கட்டும்’ என்றோம். நடக்கவில்லை. மற்ற பாண்டாக்கள் சேருகிற வீடியோ போட்டுக் காட்டினோம். வயாகரா கொடுத்துப் பார்த்தோம். பிறகு மயக்க ஊசி போட்டு, ஆணுக்குள் மின்கம்பியைச் செலுத்தி விந்தைக் கறந்து, பெண்ணையும் மயக்கிப்போட்டுச் சினை ஊசி. 2010 செப்டம்பரில் ஜப்பானின் கோபே ஜூவில் அப்படி விந்து எடுக்க மயக்கிய ஆண் பாண்டா எழுந்திருக்கவே இல்லை.

இதற்குப் பெயர் ‘இனப்பெருக்கத் திட்டம்’. குட்டி பிறந்தால் நூறு கிராம், தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. இரட்டை பிறந்தால் தாய்க்குத் தெரியாமல் ஒன்றை மாற்றி ஒன்றை மடியில் வைத்து வளர்ப்பார்கள். அந்தப் பராமரிப்பாளர்களின் கைப்பக்குவத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ராத்தூக்கம் இல்லாமல் உழைக்கிறவர்கள். கைப்பக்குவத்தால் உற்பத்தி பெருகிவிட்டது. 2023 முடிவில் உலகம் முழுக்கக் கூண்டில் இருந்த பாண்டா 728. இவற்றில் இதுவரை காட்டுக்குப் போனவை? ஏறக்குறைய ஒரு டஜன். 2006-ல் முதலில் விடப்பட்ட சியாங்சியாங் என்ற ஆண், காட்டுப் பாண்டாக்களிடம் அடிபட்டு ஒரு வருஷத்துக்குள் செத்துக் கிடந்தது. மற்றபடி கூண்டில் பிறந்தது கூண்டில் பெறுகிறது, பெற்றது வாடகைக்குப் போகிறது. கோழிப்பண்ணைக்காரன் கூட நான் கோழி இனத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். செங்டுவில் ஹுவாஹுவா என்றொரு நட்சத்திரம். மணிக்கணக்கில் வரிசையில் நின்றால் மூன்று நிமிஷ தரிசனம். நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. ஜருகண்டி ஜருகண்டி என்று தள்ளுகிற ஆள் ஒருவர்தான் அங்கே பாக்கி. தென் கொரியாவில் பிறந்த ஃபூபாவ் 2024 ஏப்ரலில் மழையில் வண்டியேறியபோது ஆயிரக்கணக்கானோர் விம்மி அழுதார்கள். மெம்பிசிலிருந்த யாயா இளைத்துப்போன படத்தைப் பார்த்துச் சீன இணையம் கொதித்தது. எங்கள் பெண்ணை அமெரிக்கா பட்டினி போடுகிறது என்று வெஞ்சினம். 2023 ஏப்ரலில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தபின்தான் ஓய்ந்தார்கள். அழுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இத்தனை கண்ணீரில் ஒரு சொட்டாவது காட்டுப் பாண்டா வாழும் மின்ஷான் மலைக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஆசை பெருகி வரத்து குறைந்தால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். 2024-ல் ஜியாங்சு மாகாணத்து டைஜோ ஜூ, பாண்டா இல்லாத குறைக்குச் சௌசௌ நாய்களுக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசிக் காட்சிக்கு வைத்தது. கேட்டதற்கு, மனுஷன் முடிக்குச் சாயம் போடுகிறானே, நாய்க்குப் போட்டால் என்ன என்றார்கள். அதே வருஷம் குவாங்டாங் மாகாணத்து ஷான்வெய் ஜூவிலும் இதே வேலை. அங்கே ‘பாண்டா’ கூட்டத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டது.

உலகமே சிரித்தது. எனக்கு 1936 ஞாபகம் வந்தது. ரூத் ஹார்க்னெஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி சிச்சுவான் காட்டிலிருந்து ஒரு பால்குடிக் குட்டியை எடுத்துக்கொண்டு ஷாங்காயில் கப்பலேறினார். சீனாவை விட்டு உயிரோடு மேற்கே போன முதல் பாண்டா அதுதான். சுங்கத் தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? நாய் ஒன்று, மதிப்பு 20 டாலர். அந்த ‘நாய்’ சிகாகோ ஜூவில் கூட்டத்தை வாரிக் குவித்துவிட்டு 1938-ல் செத்துப்போனது. ரூத் கப்பலேறியதற்கு ஏழு வருஷம் முன்னால், 1929-ல், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன்கள் இருவர், தூங்கி எழுந்து வந்த ஒரு பாண்டாவை ஒரே நேரத்தில் சுட்டார்கள். பெருமையில் சரிபாதி வேண்டுமல்லவா? அதுவும் சிகாகோவில்தான் பஞ்சடைத்து நிற்கிறது. நாய் என்று பொய் சொல்லிப் பாண்டாவைக் கடத்திய உலகம், 88 வருஷத்தில் பாண்டா என்று பொய் சொல்லி நாயைக் காட்டுகிற இடத்துக்கு வந்திருக்கிறது.

இன்னொரு மோசடியும் உண்டு. பாண்டா என்ற பெயரே இதனுடையது அல்ல. 1825-ல் பிரெஞ்சுக்காரர் குவியே அந்தப் பெயரைக் கொடுத்தது சிக்கிமிலும் நேபாளத்திலும் மரமேறித் திரியும் செம்பழுப்புப் பிராணிக்கு. கறுப்பு வெள்ளைக்காரரைப் பாதிரியார் அர்மாண்ட் டேவிட் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது 1869-ல்தான். பெயரையும் புகழையும் பெரியவர் எடுத்துக்கொண்டார். பழைய சொந்தக்காரர் இப்போது ‘சிவப்பு’ என்று முன்னொட்டுப் போட்டுக்கொண்டு சொந்தப் பெயரிலேயே ஒண்டுக்குடித்தனம் இருக்கிறார். அவரும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறார். அவருக்காக மாநாடு நடத்த எந்த அதிபருக்கும் நேரமில்லை.

சரி, மலைக்குப் போவோம்.

நம் கோவில்களில் மூலவர் வேறு, உற்சவர் வேறு. மூலவர் இருட்டான கருவறையில் நகராமல் இருப்பார். உற்சவர் வீதிவலம் வருவார். நகையும் மாலையும் தேரும் அவருக்கு. வாஷிங்டனும் பெர்லினும் கத்தாரும் பார்ப்பது உற்சவரை. மூலவர் இருப்பது சீனாவில் மூன்றே மாகாணங்களில்: சிச்சுவான், ஷான்சி, கான்சு. அதிலும் ஆறு மலைத்தொடர்களில்: மின்ஷான், சியோங்லாய், சின்லிங், லியாங்ஷான், டாசியாங்லிங், சியாவ்சியாங்லிங். ஒரு காலத்தில் தென்சீனாவின் தாழ்நிலம் தொட்டு மியான்மர், வியட்நாம் பக்கம் வரை இருந்த மிருகம். வயல் ஏற ஏற, அது மலையேறியது. இனி மேலே ஏறினால் பாறையும் பனியும்தான்.

எப்போதும் மூட்டம், சொட்டச் சொட்ட ஈரம். மேலே ஊசியிலை மரங்கள், அவற்றின் காலடியில் ஆளுயரத்துக்கு நெருக்கி வளர்ந்த மூங்கில். உள்ளே ஒரு பாண்டா இருந்தால் பத்தடி தள்ளி நிற்கிறவனுக்குத் தெரியாது. மாமிசம் தின்னப் படைத்த குடலை வைத்துக்கொண்டு புல் தின்று பிழைக்கிற பிறவி. தின்கிற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டாது. அதனால் பகலும் இரவும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதைப் பார்த்துத்தான் சோம்பேறி என்கிறோம். நாளில் பன்னிரண்டு மணிநேரம் வேலை பார்ப்பவனுக்கு இந்தப் பட்டம்.

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று நம்மவர்களும் சொல்வார்கள். பல பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். பாண்டாவுக்கு இது புதிதல்ல. இந்தச் சரிவில் பூத்தால் இறங்கி, ஆறு தாண்டி, வேறு ஜாதி மூங்கில் இருக்கிற அடுத்த மலைக்குப் போகும். 1970-களில் மின்ஷானில் பூத்தபோது இறங்கிப் பார்த்தது. கீழே மக்காச்சோள வயல், கிராமம், ரோடு. 138 பாண்டாக்களின் சடலங்களைக் கண்டெடுத்தார்கள். மூங்கில் கொன்றது என்று எழுதினார்கள். 1983-ல் சியோங்லாயில் பூத்தபோது உலகம் முழுக்கக் குழந்தைகள் உண்டியல் உடைத்துக் காசு கொடுத்தார்கள். பட்டினியிலிருந்து மீட்கிறோம் என்று காட்டிலிருந்து பாண்டாக்களைப் பிடித்தார்கள். மீட்கப்பட்டவற்றில் பல திரும்பிப் போகவேயில்லை. இன்றைய புகழ்பெற்ற செங்டு மையம் 1987-ல் அப்படி ‘மீட்கப்பட்ட’ ஆறு பாண்டாக்களோடு தொடங்கியதுதான். சிச்சுவானின் வோலோங் காப்பகத்தில் அந்த நாட்களில் மலை மலையாய் அலைந்து ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், 1993-ல் எழுதிய புத்தகத்தில் வாடகை வியாபாரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கிச் சாடினார். படித்தவர்கள் பாராட்டினார்கள். வாடகை ஏறியது.

1974-க்கும் 1989-க்கும் இடையில் சிச்சுவானில் பாண்டா காடு பாதியாகச் சுருங்கியது. கோடாலி ஓயவே இல்லை. பாண்டாத் தாய் குட்டி போடப் பொந்து விழுந்த கிழட்டு மரம் வேண்டும். நூறு இருநூறு வருஷ மரத்தில்தான் அந்தப் பொந்து விழும். அதையெல்லாம் வெட்டி முடித்துவிட்டுத்தான், ஐயோ இதற்குக் குட்டி போடத் தெரியவில்லையே என்று கூண்டு வாசலில் வீடியோவோடு உட்கார்ந்தோம். கடைசியில் வெட்டுவதை நிறுத்தியது பாண்டா மேல் உள்ள பாசமும் அல்ல. 1998-ல் யாங்சி வெள்ளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் செத்தார்கள். மேல்மலைக் காட்டை மொட்டையடித்ததன் பலன் என்று புரிந்து, மரம் வெட்டத் தடை போட்டார்கள். காட்டில் பாண்டா எண்ணிக்கை கொஞ்சம் தேறியது என்றால், அதில் பெரும்பங்கு அந்தத் தடைக்கும் காப்பகங்களுக்கும்தான். இதற்கு வீடியோவும் வேண்டியிருக்கவில்லை, வயாகராவும் வேண்டியிருக்கவில்லை.

2015-ல் வெளியான நாலாவது கணக்கெடுப்பு 1,864 என்றது. மறு ஆண்டே சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பாண்டாவை ‘ஆபத்தில் உள்ளவை’ பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியது. கைதட்டல். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருந்தது, அதற்கு யாரும் கேக் வெட்டவில்லை: 33. அந்த 1,864-ம் ஒன்றையொன்று எட்ட முடியாத 33 கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது. மின்ஷானில் எண்ணூறு பக்கம் இருக்கும். சியாவ்சியாங்லிங்கில் முப்பதை ஒட்டி. முப்பது பேர் கொண்ட ஊரில் எத்தனை தலைமுறைக்கு அத்தை மகளையே கட்டிக்கொண்டிருக்க முடியும்? நடுவில் நெடுஞ்சாலை, அணை, சுரங்கம்.

பாண்டாவைக் காப்பாற்றினால் அதன் குடைக்கீழ் மற்ற உயிர்களும் பிழைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். 2020-ல் ஓர் ஆய்வு அந்தக் குடையைப் பிரித்துப் பார்த்தது. பாண்டா வாழும் பகுதியில் உள்ள காப்பகங்களை எடுத்துக்கொண்டால், முன்பு சிறுத்தை இருந்தவற்றில் 81 சதவீதத்தில் இப்போது சிறுத்தை இல்லை. ஓநாய் 77 சதவீதத்தில் இல்லை. நம் முதுமலையில் கூட்டமாக ஓடுகிற அதே செந்நாய், 95 சதவீதத்தில் இல்லை. மூங்கில் தின்கிறவனுக்கு மட்டும் நிழல் தரும் குடை. செந்நாய் கறுப்பு வெள்ளையாகப் பிறக்கவில்லை, பிரதமர்களின் மடியில் உட்காராது, கடிக்கும். 2021-ல் ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீட்டரில் பாண்டா தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். நல்ல காரியம். துண்டுகளை ஒட்டவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அந்தப் பூங்காவின் எந்த மூலையிலாவது செந்நாய் திரும்பி வந்து சீழ்க்கையடித்த நாளில் நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடுகிறேன்.

சியாவ்சியாங்லிங்கில் லிசிபிங் என்றொரு காப்பகம். 2012 அக்டோபரில் தாவ்தாவ் என்ற ஆண் பாண்டாவை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள், அந்த முப்பதோடு புது ரத்தம் சேரட்டும் என்று. அவன் மனித முகம் பார்க்காமல் வளரவேண்டும் என்பதற்காக, வோலோங்கில் அவனைக் கவனித்தவர்கள் பாண்டா மூத்திரம் தடவிய பாண்டா வேஷம் போட்டுக்கொண்டுதான் கிட்டே போனார்கள். வேஷம் கட்டின மனிதர்களிலேயே அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறது. பெட்டி திறந்ததும் அவன் ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் மூங்கிலுக்குள் போய்விட்டான்.

அப்படிப் போனவர்களை எண்ணுவது எப்படி? கண்ணில் படாத பிராணியை அதன் விட்டையை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பாண்டாவும் மூங்கில் தண்டைக் கடித்து நறுக்குகிற நீளம் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். விட்டையைப் பிரித்து, செரிக்காத துண்டுகளை அளந்து, இது வேறு ஆள், அது வேறு ஆள் என்று குறிப்பார்கள். இப்போது மரபணுவும் பார்க்கிறார்கள். கூண்டுப் பாண்டாவின் விட்டைக்கும் மதிப்புண்டு: சிச்சுவானில் ஒருவர் அதை உரமாகப் போட்டுத் தேயிலை வளர்த்து, உலகிலேயே விலையுயர்ந்த தேநீர் என்று 2012-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். லிசிபிங் சரிவில் அதற்கு விலை இல்லை. மழைக்கோட்டுப் போட்ட இரண்டு பேர் நாள் முழுக்க ஏறி, முழங்கால் சேற்றில் குந்தி, ஒரு பச்சை உருண்டையைக் குச்சியால் பிளந்து, மூங்கில் துண்டு ஒன்றை அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் மில்லிமீட்டர் சொல்கிறார், மற்றவர் எழுதிக்கொள்கிறார்.